கடைசி யூதரை எண்ணாதீர்கள், பக்கத்து வீட்டைக் கேளுங்கள்: மட்டாஞ்சேரியின் மரபைக் காப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்களைப் பராமரிக்கிறவர்கள், அங்கே அருங்காட்சியகம் வைக்கத் திட்டம் போடுகிறவர்கள், தெருமுனையில் வரலாற்றுப் பலகை நடுகிறவர்கள், பயணிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொல்கிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. வேலை உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதனால் எல்லோரிடமும் கேட்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் பேரனை மட்டாஞ்சேரிக்குக் கூட்டிப் போனேன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். நான் வாலிபத்தில் வேலை பார்த்த பண்டகசாலையைக் காட்ட வேண்டும், பிறகு யூதர்கள் வாழ்ந்த ஜூதத் தெருவுக்குக் கூட்டிப்போய் அந்த மணிக்கூண்டைக் காட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தெருவின் வாயிலில் வழிகாட்டி ஒருவர் ஒரு குழுவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அறுபது யூதர் இருந்தார்கள், பிறகு இருபது, பிறகு ஐந்து, இப்போது இவ்வளவுதான் என்று விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர், "அப்படியானால் இப்போது இந்த வீடுகளில் இருப்பது யார்?" என்று கேட்டார். "கடைக்காரர்கள்" என்றார் வழிகாட்டி. அவ்வளவுதான் பதில்.

திரும்பி நடக்கும்போது பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நம்ம ஆளுங்கதானே அவங்களைத் தொரத்துனது?" என்றான். எங்கள் ஊரில் தாத்தாவைத்தான் அப்பா என்போம், தகப்பன் வாப்பா. அவன் யாரிடமும் கேட்டுப் படித்துச் சொல்லவில்லை. கைப்பேசியில் தினமும் பார்க்கிற காட்சிகளும் அந்த வழிகாட்டி விரல் மடக்கிய விதமும் அவன் மனதில் தாமாக ஒன்று சேர்ந்துகொண்டன. யூதர் இருந்தார்கள், இப்போது இல்லை, சுற்றிலும் முஸ்லிம் கடைகள் இருக்கின்றன, ஆகவே விரட்டியது முஸ்லிம்கள்தான். பதிமூன்று வயதுக்கு இது நேரான கணக்கு. கணக்கில் அவன்மேல் தப்பில்லை, அவன் கையில் கொடுக்கப்பட்ட எண்கள்தான் குறைவு.

அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து அவனுக்கு நான் சொன்னதைத்தான், சற்று ஒழுங்குபடுத்தி, உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் தக்கலைப் பக்கத்துக்காரன். நெசவுக் குடும்பம். எங்கள் வாப்பும்மா (வாப்பாவின் தாய்) தறிக்குழியின் மேல் உட்கார்ந்துகொண்டு, "நாம அஞ்சுவண்ணத்தாரு, தெரியுமா?" என்பார். அஞ்சு வண்ணம் என்றால் பாவில் ஓடுகிற ஐந்து நிற நூல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? அந்தச் சொல்லை நான் இரண்டாம் முறை கேட்டது, மட்டாஞ்சேரியில், ஒரு யூதப் பெரியவர் வாயிலிருந்து.

1983ல் எனக்குப் பத்தொன்பது வயது. ஊரில் தறி ஓடவில்லை. பஜார் ரோட்டில் மிளகு போன்ற மலை விளைபொருள் விற்கும் ஒரு மலஞ்சரக்குக் கடையில் கணக்குப்பிள்ளைக்கு உதவியாகச் சேர்ந்தேன். முதலாளி மட்டாஞ்சேரி நைனா குடும்பத்தவர். அவர்களுடைய முன்னோர் காயல்பட்டினம் பக்கமிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள், அதனால் தமிழ்ப் பையன் என்றால் ஒரு பிரியம். மிளகுச் சீட்டைக் கொண்டுகொடுக்க ஜூதத் தெருவுக்கு நாளைக்கு நாலு தடவை ஓடுவேன். மிளகு வாயிதா வியாபாரம் (முன்பேர வணிகம்) நடந்தது அந்தத் தெருவின் ஒரு மாடியில்தான். ஏலக் கூச்சல் தெருமுனைவரை கேட்கும். அந்தத் தெருவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எந்த ஊர், என்ன குடும்பம் என்று விசாரித்தார். அஞ்சுவண்ணம் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். "அது எங்கள் பெயரல்லவா!" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஏறக்குறைய கி.பி. 1000ல் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு இஸ்ஸுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தான். கொடுத்த பொருளின் பெயர் அஞ்சுவண்ணம். அதோடு பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம் (பல்லக்கு), குடை, தோரணம் என்று எழுபத்திரண்டு உரிமைகள். எழுத்து வட்டெழுத்து. மொழி, மலையாளம் தனியாகப் பிரிந்து நிற்பதற்கு முந்தைய மொழி. பகலில் விளக்குப் பிடிப்பதும் நடந்து வரும் வழியில் துணி விரிப்பதும் என்ன மரியாதை என்பது தமிழ் படித்தவருக்கு உரை இல்லாமலே விளங்கும். உலகும் சந்திரனும் உள்ள நாள்வரை என்று சொல்லிக் கொடுத்த செப்பேடு. மட்டாஞ்சேரியில் வெளிநாட்டு வழி வந்த யூதர்களின் தொழுமிடமான பரதேசி ஜெபாலயத்துக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள்.

அஞ்சுவண்ணம் யூதர்களுடைய பெயர் மட்டுமாக இருந்ததில்லை என்பது எனக்குப் பிற்பாடு படித்துத் தெரிந்தது. மேற்கே கடல் தாண்டி வந்த வணிகர்களின் கூட்டு அது. பாரசீகத்தில் சபையைக் குறிக்கும் அஞ்சுமன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். 849ல் கொல்லத்தில் எழுதிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அஞ்சுவண்ணம் வருகிறது. ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த கொடை அது. சாட்சிக் கையெழுத்து எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? சிலர் அரபு கூஃபி எழுத்தில், சிலர் பழைய பாரசீக மொழியான பஹ்லவியில், சிலர் எபிரேய எழுத்தில். கிறிஸ்தவக் கோயிலுக்குக் கிடைத்த கொடைக்கு முஸ்லிமும் பார்சியும் யூதரும் பக்கத்துப் பக்கத்தில் சாட்சி. கையெழுத்துப் போட்ட மறுநாள் அவர்கள் சண்டையே போடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரிகள் சண்டை போடாமல் இருப்பார்களா? ஆனால் ஒருவர் கையெழுத்தை ஒருவர் நம்பினார்கள். அந்தக் கூட்டின் பெயர் யூதர் கையில் ஒரு செப்பேடாகவும், தக்கலையில் முஸ்லிம் நெசவாளர் வாயில் ஒரு குலப்பெயராகவும் ஆயிரம் வருடம் கழித்தும் மிஞ்சியது. திண்ணைப் பெரியவரும் நானும் ஒரே பெயரின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. அவர் வீட்டிலிருந்து எனக்கு ஒரு தம்ளர் நாரங்கா வெள்ளம் (எலுமிச்சைச் சாறு) வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இனி, இனிக்காத பகுதி. உங்கள் பலகைகள் இதை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் முஸ்லிம் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

1524ல் கொடுங்கல்லூரில் யூதர்களின் வீடுகளும் ஜெபாலயங்களும் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் முஸ்லிம்கள். அந்த நூற்றாண்டிலேயே பொன்னானியில் வாழ்ந்த மார்க்க அறிஞர் ஜைனுத்தீன் மக்தூம் தம் அரபு வரலாற்று நூலில் இதைப் பதிந்திருக்கிறார். உயிர் போனது, ஊர் விட்டு ஓடினார்கள். மிளகு வணிகத்தில் போட்டி, போர்த்துகீசியர் வந்து மூட்டிய கொந்தளிப்பு, ஒரு கொலை என்று காரணங்கள் உண்டு. காரணம் சொன்னால் எரிந்த வீடு எரியாத வீடாகிவிடாது. என் பேரனிடமும் இப்படித்தான் சொன்னேன்: ஆமாம், ஒருமுறை நம் ஆட்களும் எரித்தார்கள். அவன் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். இதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னால், என்றைக்காவது எவனாவது இதை மட்டும் தனியே எடுத்து அவன் கையில் கொடுப்பான்.

மிச்சமிருந்தவர்களைப் போர்த்துகீசியர் நெருக்கினார்கள். கொச்சி ராஜா தம் அரண்மனைச் சுவரை ஒட்டியே இடம் கொடுத்தார். 1568ல் பரதேசி ஜெபாலயம் எழுந்தது. ராஜாவின் பழையன்னூர் பகவதி கோயிலும் ஜெபாலயமும் இன்றைக்கும் அடுத்தடுத்து நிற்பது அப்படித்தான். 1662ல் போர்த்துகீசியர் அந்த ஜெபாலயத்தையும் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் காலத்தில் மறுபடி கட்டினார்கள். மணிக்கூண்டும் தரையில் பதித்த சீன நீலப் பூஓடுகளும் பிறகு எசக்கியேல் ரஹாபியின் நாளில் வந்தவை. இந்தப் பகுதியைத்தான் உங்கள் வழிகாட்டிகள் நன்றாகவே சொல்கிறார்களே, நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூதர்களுக்குள்ளேயே நிறம் பார்த்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தவர்களைப் பரதேசி ஜெபாலயத்தில் சமமாக உட்கார விடவில்லை. அதை எதிர்த்து ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் காந்தி வழியில் உள்ளிருந்தே போராடினார். அந்தத் தெருவுக்கே அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவர் யார், எதற்காகப் போராடினார் என்பதையும் அங்கே ஒரு வரி எழுதி வைத்தால் நல்லது.

நான் உள்ளபடியே சொல்ல விரும்புவது, பலகையில் இதுவரை இடம் பிடிக்காத சின்னச் சங்கதிகளைப் பற்றி.

நாங்கள் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை அடைப்போம். அவர்கள் வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி பொழுது சாயும்வரை பணத்தைத் தொட மாட்டார்கள். அதனால் யூத வீடுகளோடு உள்ள கொடுக்கல் வாங்கலை வியாழன் இரவே முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் கடையில் எழுதாத சட்டம். ஒருமுறை நான் மறந்து, சனிக்கிழமை காலையில் பாக்கிப் பணத்தோடு ஒரு வீட்டுப் படியேறிவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலாளி என்னைத் திட்டிய திட்டு இன்றும் காதில் இருக்கிறது. "அவர்களுடைய சாபத் நாளை (ஓய்வு நாளை அங்கே அப்படித்தான் சொல்வோம்) கெடுக்கலாமா? உன் நோன்பை ஒருவன் கெடுத்தால் சும்மா இருப்பாயா?" என்றார்.

சாப்பாட்டிலும் ஒரு ஏற்பாடு இருந்தது. அவர்கள் அறுத்த கோழியை எங்கள் முதலாளி வீட்டில் தயங்காமல் சாப்பிடுவார்கள். நாங்கள் அறுத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் சட்டம் அப்படி. அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பெருநாளைக்கு யூத வீடுகளுக்குப் பழமும் பேரீச்சையும் போகும், கறி போகாது. என்ன கொடுப்பது என்று தெரிந்து கொடுப்பதில்தான் எத்தனை வருடத்துப் பழக்கம் இருக்கிறது! அவர்களுடைய வேதமான தோராவின் விழா வந்தால் ஜெபாலயத்துக்குள் பட்டுத் தொங்கும், எண்ணெய் விளக்கு வரிசையாக எரியும், தெருவே வேடிக்கை பார்க்கப் போகும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த ஜெபாலயத்துக்குள் போக வேண்டும். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் எப்படியோ அப்படியே. உலகத்தில் வேறு ஊர் யூதர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறார்களாம். மட்டாஞ்சேரியில் யாரும் ஆச்சரியப்பட்டதில்லை.

பிறகு அந்த கபர். நெஹமியா மோத்தா என்ற யூத ஞானியின் சமாதி, 1615ல் இறந்தவர். சுற்றியிருந்த பழைய மயானம் அழிந்து வீடுகள் வந்துவிட்டன, அவர் கபர் மட்டும் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. எல்லா மதத்தாரும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நான் தங்கியிருந்த வீட்டின் உம்மாவுக்கு ஒரு மகன் வளைகுடாவில் இருந்தான், ஐந்தாறு மாதம் கடிதமே வரவில்லை. ஒரு நாள் மெழுகுவத்திப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, அங்கே ஏற்றிவிட்டு வா என்றார். போனேன். எனக்கு முன்னால் ஒரு கொங்கணிப் பெண் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். கல்லில் எபிரேய எழுத்து. ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனால் என் கால்கள் தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்கா வாசலில் நிற்பதுபோலவே நின்றன. பீர்முகம்மது அப்பாவும் நெசவாளி, ஞானப் பாட்டுப் பாடியவர். மோத்தாவும் பாட்டுக் கட்டியவர். ரஜப் மாதத்தில் எங்கள் ஊரில் விடிய விடிய அப்பாவின் பாட்டை ஓதுவார்கள். மோத்தாவின் பாட்டையும் இங்கே யாரோ ஓதியிருப்பார்கள் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். கபரில் விளக்கேற்றுவது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று வாதிடுகிறவர்கள் எங்களிலேயே உண்டு. அந்த வாதம் இங்கே வேண்டாம். உம்மா யாரை நம்பி என்னை அனுப்பினார் என்பதுதான் எனக்கு முக்கியம். மகனிடமிருந்து பதினைந்து நாளில் கடிதம் வந்தது. அவர் அடுத்த வாரமும் என்னை அனுப்பினார், இந்த முறை நன்றி சொல்ல.

யூதர்கள் ஏன் போனார்கள்? என் பேரன் கேட்டதற்கு நேரடிப் பதில் இது. 1948ல் இஸ்ரேல் பிறந்தது. ஜெருசலேமை நோக்கி நூற்றாண்டுகளாகத் தொழுதவர்கள், வாய்ப்பு வந்தபோது புறப்பட்டார்கள். வாழ்க்கை வசதி பற்றிய கணக்கும் அதில் இருந்தது. 1950களில் கேரளத்தின் யூத ஊர்களிலிருந்து 2,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். மாளாவில் தங்கள் ஜெபாலயத்தையும் மயானத்தையும் ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். துரத்தப்படுகிறவன் சாவியை ஊராரிடம் கொடுத்துவிட்டா போவான்? 1968ல் பரதேசி ஜெபாலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார், தபால் தலை வெளியிட்டார்கள். அதன் பிறகும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும், அந்தப் பத்து சேராமல் போனது. வீடுகள் விற்பனைக்கு வந்தன. பழம்பொருள் கடைகள் வந்தன, காஷ்மீரத்துச் சால்வைக் கடைகள் வந்தன. நடந்தது இதுதான்.

ஆனால் மிஞ்சி இருந்தவர்களைப் பக்கத்து வீட்டார் கைவிடவில்லை. சாரா கோஹன் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து தலைக் குல்லாவுக்கும் ரொட்டி மூடும் துணிக்கும் பூவேலை செய்த அம்மா. அவர் கணவர் இறந்த பிறகு பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். சிறுவயதில் தெருவில் சாமான் விற்றுக்கொண்டிருந்த ஒருவருக்குப் பொருளை வைத்துக்கொள்ள அந்த வீட்டில் இடம் கொடுத்தார்கள். பிற்பாடு அவரே அந்த அம்மாவுக்கு மகன் இடத்தில் நின்றார். 2019 ஆகஸ்ட் 30 அன்று 96 வயதில் சாரா அம்மா இறந்தார். அதன் பிறகும் அவருடைய தையல் கடையை அந்த முஸ்லிம் மகன் விடவில்லை. பத்திரிகைகளில் இந்தக் கதை வந்தது. அதையும் அதிசயம் என்ற தலைப்பில்தான் போட்டார்கள். அந்தத் தெருவில் வளர்ந்தவர்களைக் கேட்டால் அதிசயம் என்று சொல்ல மாட்டார்கள். கூடவே இருந்தவர் பார்த்துக்கொள்ளாமல் யார் பார்ப்பது என்றுதான் சொல்வார்கள். 2024 ஆகஸ்டில் அதே தெருவின் யூத அம்மா குவீனி ஹல்லேகுவாவும் 89 வயதில் போய்விட்டார்.

சாரா அம்மா போன அடுத்த மாதமே, செப்டம்பர் மழையில், மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெபாலயத்தின் முகப்பு சரிந்தது. 1544ல் கட்டிய கட்டடம். அதனுடைய உள்மரவேலையைப் பல வருடம் முன்பே கழற்றிக் கொண்டுபோய் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்கள். இங்கே நின்ற வெறும் கூடு கிடங்காக உழைத்துத் தேய்ந்தது. தெக்கும்பாகம் ஜெபாலயம் அதற்கும் வெகுமுன்னரே இடிபட்டு, நின்ற இடமே தெரியாமல் போனது. கல்லும் மரமும் போனதற்கு வருத்தப்படும் ஆட்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள், அது நல்லதுதான். கல்லைப் பற்றி நீங்கள் என்னைவிட அறிந்தவர்கள். நான் கவலைப்படுவது வாய்களைப் பற்றி. வியாழன் இரவே கணக்கு முடித்தவர்கள், கோழி அறுப்பின் வித்தியாசம் அறிந்து பழம் அனுப்பியவர்கள், கபருக்கு மெழுகுவத்தி கொடுத்தனுப்பியவர்கள், இவர்களுக்கெல்லாம் எழுபது, எண்பது வயதாகிறது. எங்கள் முதலாளி போய்விட்டார். உம்மா போய்விட்டார். யூதர்களின் கதையைக் கேட்க உலகமெல்லாமிருந்து ஆள் வந்து பதிவுசெய்து போனார்கள். பக்கத்து வீட்டைக் கேட்க யாரும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள் பணம் அதிகம் பிடிக்காதது. ஒலிப்பதிவுக் கருவியோடு நாலு இளைஞர்களை அனுப்புங்கள். பஜார் ரோட்டுச் சுமைகாரர்களிடம், சுக்குக் களத்தில் இஞ்சி பொறுக்கிய பெண்களிடம், கச்சி மேமன், தக்னி, நைனா, கொங்கணிக் குடும்பங்களிடம், ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் துணி வெளுக்கும் எங்கள் தமிழ் வண்ணார்களிடம் போகட்டும். யூத வீட்டு விரிப்பும் ராஜா வீட்டு விரிப்பும் ஒரே கொடியில் காய்ந்த காலத்தை அந்தத் தமிழர்கள் சொல்லக்கூடும். அவரவர் மொழியில் பேச விடுங்கள். மலையாளமாக்குவதும் இங்கிலீஷாக்குவதும் பிறகு ஆகட்டும்.

கொச்சங்காடியையும் உங்கள் நடைவழியில் சேருங்கள். பயணிகள் ஜூதத் தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். பரதேசி ஜெபாலயத்தின் வெளிச்சுவரில் பதித்திருக்கிற 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு கொச்சங்காடியில் இருந்த பழைய ஜெபாலயத்தினுடையது. அதே கொச்சங்காடியில்தான் செம்பிட்ட பள்ளி நிற்கிறது, செம்பு வேய்ந்த பள்ளிவாசல், இன்றும் தொழுகை நடக்கிறது. 1341ல் பெரியாறு பொங்கி முசிறித் துறையை மண் மூடியபோது, பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு நகர்ந்த யூதரும் முஸ்லிமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கரையேறினார்கள். அந்தக் கல்லையும் அந்தப் பள்ளியையும் ஒரே நடையில் பார்த்தால், விரல் மடக்கிச் சொல்லாத கதை ஒன்று தானாக விளங்கும்.

யூதப் பெண்களின் பாட்டுகளையும் மறக்காதீர்கள். கல்யாணத்துக்கும் விழாவுக்கும் மலையாளத்தில் பாடினார்கள், நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவற்றைச் சேகரித்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடங்களில் இன்று படிப்பவர்களில் பலர் முஸ்லிம் பிள்ளைகள், ஒப்பனா என்ற கல்யாணப் பாட்டைக் கை கொட்டிப் பாடத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டில் இரண்டைக் கற்றுக்கொடுத்தால், ராகம் எவ்வளவு பக்கத்து வீடு என்று அவர்கள் காதே சொல்லும்.

நெஹமியா மோத்தாவின் கபரைப் பற்றி ஒரு பயம் இருக்கிறது. பராமரிப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேலி போட்டுச் சீட்டுக் கிழித்து, மெழுகுவத்தி ஏற்றக்கூடாது என்று எழுதி வைத்துவிடாதீர்கள். அந்தக் கல் இத்தனை காலம் நின்றதே மெழுகுவத்தி ஏற்றியவர்களால்தான்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபருக்குப் பிறகு எங்கள் வீட்டில் தொலைக்காட்சி செய்தி ஓடும்போது யாரும் சோறு இறங்கிச் சாப்பிட்டதில்லை. காஸாவின் பிள்ளைகளுக்காக என் மனைவி தொழுகைப் பாயில் அழுகிறாள். நானும் அழுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை. அந்த அக்டோபரில் தெற்கு இஸ்ரேலில் கொல்லப்பட்டவர்களுக்கும் தாய் இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். கொச்சியிலிருந்து போனவர்களின் ஊர்களில் ஒன்றான நெவாத்திம் அந்தத் தெற்கில்தான் இருக்கிறது. இந்தத் துக்கத்துக்கு நடுவில், இது ஆதி முதல் உள்ள பகை, இரத்தத்திலேயே உள்ளது என்று சொல்லும் காணொளி என் பேரன் கைக்கு வந்து சேருகிறது. அதை மறுக்க என்னிடம் பெரிய நூலறிவு இல்லை. இருந்தது ஒரு தெரு. அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனேன், அங்கேயும் அவனுக்குப் பாதிக் கதைதான் கிடைத்தது. அதனால்தான் இந்த ஆதங்கம்.

திரும்பி வரும் ரயிலில் அவன் அஞ்சுவண்ணம் என்று நோட்டில் எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு இழுத்து, ஒன்றில் இஸ்ஸுப்பு இரப்பான் என்றும் மற்றதில் என் வாப்பும்மாவின் பெயரையும் எழுதினான். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் திண்ணையில இருந்தவங்க பேரு என்ன, அப்பா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. நாரங்கா வெள்ளம் கொடுத்த அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. அந்தத் தெருவில் இன்னும் யாருக்காவது தெரிந்திருக்கலாம். 1983ல், மிளகு ஏல மாடிக்கு எதிர்வரிசையில், நீல ஜன்னல் வைத்த வீடு. உங்கள் ஆட்கள் கேட்கத் தொடங்கினால் இதையும் கேட்டுச் சொல்லுங்கள். என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால், சொல்லியனுப்பிய மறுநாள் காலை நாகர்கோவிலில் ரயில் ஏறிவிடுவேன். பேரனும் வருவான்.

இப்படிக்கு,
மட்டாஞ்சேரியில் பதினோரு வருடம் மிளகுக் கணக்கு எழுதிய தக்கலைக்காரன்